சிறிய அமெரிக்கத் தங்க நாணயங்களில் ஒரு வகைத் தொகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வகைத் தொகுப்பு என்பது எதைக் குறிக்கிறது? ஆண்டு வாரியாகச் சேர்ப்பதில் என்ன குறை?

ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஒரே ஒரு நாணயம் என்ற அளவோடு சேர்ப்பதே வகைத் தொகுப்பு. அது எந்த ஆண்டில், எந்த நாணயச்சாலையில் அச்சடிக்கப்பட்டது என்பது இங்கே இரண்டாம் பட்சம். ஆண்டு வாரியாகச் சேர்ப்பதில் தவறொன்றுமில்லை. ஆனால், பழைய அமெரிக்கத் தங்கத்தில் அந்தப் பாதை பெரும்பாலோருக்கு நடுவழியிலேயே அடைபட்டுவிடும். 1875-ஆம் ஆண்டின் ஒரு டாலர் தங்க நாணயம் புழக்கத்துக்காக 400 மட்டுமே அச்சடிக்கப்பட்டது. 1870-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த மூன்று டாலர் நாணயத்தில் சேகரிப்பாளர் உலகம் அறிந்தது ஒன்றே ஒன்றுதான். வகைத் தொகுப்பில் இத்தகைய அரியவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்த ஆண்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற சுதந்திரம் இருப்பதால், கிடைப்பவற்றுள் நன்றாக அச்சாகி, கெடாமல் வந்திருக்கும் நாணயத்தைப் பொறுமையாகத் தேர்ந்தெடுக்க முடியும். இந்தப் பக்கத்தில் வரும் பதில்கள் அனைத்தும் அந்தச் சுதந்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியவையே.

‘சிறிய’ நாணயம் என்று எவற்றைக் கொள்ளலாம்?

ஒரு டாலர், இரண்டரை டாலர், மூன்று டாலர் ஆகிய மூன்று மதிப்புகளையும் சிறியவை எனக் கொள்வது வசதியானது. ஒரு டாலரின் எடை 1.672 கிராம், இரண்டரை டாலரின் எடை 4.18 கிராம், மூன்று டாலரின் எடை 5.015 கிராம். நம் ஊர்ப் பவுன் கணக்கில் பார்த்தால், ஒரு டாலர் நாணயம் ஒரு பவுனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு; இரண்டரை டாலர், அரைப் பவுனைச் சற்றே தாண்டும். இவை அனைத்திலும் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு தங்கம், அதாவது 21.6 காரட், எஞ்சியது பெரும்பாலும் செம்பு.

இந்த எல்லைக்குள், எளிதாகக் கிடைக்கக்கூடிய வடிவமைப்புகள் ஆறு: ஒரு டாலரில் மூன்று, இரண்டரை டாலரில் இரண்டு, மூன்று டாலரில் ஒன்று. தொடங்குபவருக்கு இந்த ஆறே போதுமான வேலை.

ஒரு டாலர் நாணயத்தில் ஏன் மூன்று வகைகள்?

1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பிறகு, நாணயச்சாலைக்கு வந்து குவிந்த தங்கத்தைப் புழக்கத்துக்கு அனுப்பும் வழிகளுள் ஒன்றாக, 1849 மார்ச் 3-இல் நிறைவேறிய சட்டம் ஒரு டாலர் தங்க நாணயத்தையும் இருபது டாலர் நாணயத்தையும் உருவாக்கியது. தலைமைச் செதுக்குநர் ஜேம்ஸ் லாங்கேக்கர் வடித்த முதல் வகையில், மகுடப் பட்டை அணிந்த சுதந்திர தேவியின் தலையும் அதைச் சுற்றிப் பதின்மூன்று நட்சத்திரங்களும் உண்டு. அதன் விட்டம் சுமார் 13 மில்லிமீட்டர் மட்டுமே. அமெரிக்க அரசு வெளியிட்ட நாணயங்களுள் விட்டத்தில் மிகச் சிறியது இதுதான். கையிலிருந்து நழுவித் தொலைந்துபோகிறது என்ற குறை எழவே, 1854-இல் எடையை மாற்றாமல் தகட்டை மெல்லியதாக்கி, விட்டத்தைச் சுமார் 15 மில்லிமீட்டராக விரித்தார்கள். அத்துடன் உருவமும் மாறியது. இறகுக் கிரீடம் அணிந்த சிறிய தலை வந்தது. சேகரிப்பாளர்கள் அவளை இந்திய இளவரசி என்பார்கள். மெல்லிய தகட்டில் அந்த உருவம் ஒழுங்காகப் பதியவில்லை. ஆகவே 1856-இல் தலையைப் பெரிதாக்கி, புடைப்பைக் குறைத்து மூன்றாம் வகையைக் கொண்டுவந்தார்கள். அது 1889 வரை நீடித்தது.

முதல் வகைக்கு எந்த ஆண்டை வாங்கலாம்?

1853. ஃபிலடெல்ஃபியாவில் அந்த ஓர் ஆண்டில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேல் அச்சடித்தார்கள். இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. 1851, 1852 ஆகியவையும் குறையில்லாதவை. நட்சத்திரங்களின் நடுக்கோடுகளும் காதருகே உள்ள முடிச்சுருள்களும் தெளிவாக இருக்கின்றனவா என்பதை மட்டும் பெருக்காடி வைத்துப் பாருங்கள்.

இரண்டாம் வகைக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?

மூன்று வகைகளிலும் தங்கத்தின் அளவு ஒன்றே. ஆயினும் இரண்டாம் வகை நல்ல நிலையில் இருந்தால் மற்ற இரண்டின் விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். முதற்காரணம் எண்ணிக்கை. 1854, 1855 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஃபிலடெல்ஃபியாவில் சுமார் பதினைந்து லட்சம். 1855-இல் தெற்கத்திய நாணயச்சாலைகள் மூன்றிலும், 1856-இல் சான் பிரான்சிஸ்கோவிலும் சிறு அளவு. அவ்வளவோடு இந்த வகை முடிந்துவிட்டது. இரண்டாவது காரணம் வடிவமைப்பிலேயே இருந்த கோளாறு. முகப்பில் தலையின் மிக உயர்ந்த பகுதியும் பின்பக்கத்தில் ஆண்டு எண்ணின் நடுப்பகுதியும் நேருக்கு நேர் அமைந்துவிட்டன. மெல்லிய தகட்டில் இருபுறத்துப் பள்ளங்களையும் நிரப்ப உலோகம் போதவில்லை. அதனால் பின்பக்கத்தில் ஆண்டின் இரண்டாம் இலக்கமான 8-உம், அதற்கு மேலே டாலர் என்ற சொல்லின் நடு எழுத்துகளும், முன்பக்கத்தில் முடியின் சுருள்களும் மங்கலாகவே பதிந்தன. புதிதாக வெளிவந்த நாளிலேயே சற்றுத் தேய்ந்ததுபோல் தோன்றிய நாணயம் இது.

ஆகவே இந்த வகையில் மங்கலைக் கண்டதும் தேய்மானம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அச்சடிப்பின் குறையால் மங்கிய இடத்திலும் உலோகத்தின் இயல்பான பளபளப்பு தொடர்ந்து ஓடும். புழக்கத்தில் தேய்ந்த இடத்தில் அது அறுந்து, நிறம் சற்று மங்கித் தட்டையாகத் தெரியும். நாணயத்தை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பார்த்தால் இந்த வேறுபாடு புலப்படும். 8 முழுமையாகத் தெரியும் ஒன்று கிடைத்தால், தரத்தின் எண் ஓரிரு படி குறைந்திருந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

உருவம் இல்லாத வெற்றுத் தளத்தில் நிழல்போல எதிர்ப்பக்க உருவத்தின் வெளிக்கோடு தெரிவதைச் சிலர் சேதம் என்று நினைக்கிறார்கள். நடுவே தகடு இல்லாதபோது இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதால் விழுந்த தடம் அது. இந்த வகையில் அடிக்கடி காணப்படும். அதற்காக ஒரு நாணயத்தை ஒதுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வகையில் தேர்வு எளிதா?

மிக எளிது. 1862 போன்ற பெரும் எண்ணிக்கை ஆண்டுகள் மலிவானவை. ஆனால் 1880-களின் நாணயங்களையும் பாருங்கள் என்று சொல்வேன். அந்த ஆண்டுகளில் அச்சடித்தது குறைவு. எனினும் அப்போதே அவற்றைச் சேமிப்பதற்காக எடுத்து வைத்தவர்கள் இருந்ததால், புழங்காத நிலையில் எஞ்சியவை ஏராளம். எண்ணிக்கை குறைவென்றால் அரிது என்ற பொதுக்கணக்கு இங்கே செல்லாது. கடைசி ஆண்டான 1889-இல் 29 ஆயிரத்துக்கும் குறைவாகவே அடித்தார்கள். இருந்தும் அழகான 1889 ஒன்றை வாங்குவது கடினமான காரியமன்று.

இரண்டரை டாலரில் சுதந்திர தேவி வகை பற்றிச் சொல்லுங்கள்.

கிறிஸ்டியன் கோப்ரெக்ட் வடித்த இந்த உருவம் 1840 முதல் 1907 வரை குறிப்பிடத்தக்க மாற்றமேதும் இல்லாமல் நீடித்தது. 1866-இல் பெரிய தங்க நாணயங்களில் ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகத்தைச் சேர்த்தபோதும், இதில் சேர்க்கவில்லை. வகைத் தொகுப்புக்கு 1900-க்குப் பிந்தைய ஃபிலடெல்ஃபியா நாணயங்களே உகந்தவை. அவை கூர்மையாக அச்சடிக்கப்பட்டவை. புழங்காத நிலையிலும் கையைக் கடிக்காத விலைக்குக் கிடைப்பவை. ஆறு நாணயங்களில் முதலில் எதை வாங்குவது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். நன்றாக அச்சாகிய, கழுவப்படாத பழைய தங்கம் எப்படி இருக்கும் என்று கண் பழகுவதற்கு இதைவிட மலிவான பாடம் இல்லை.

செவ்விந்தியர் தலை கொண்ட இரண்டரை டாலர் ஏன் பள்ளமாகச் செதுக்கியதுபோல் இருக்கிறது?

அமெரிக்கப் புழக்க நாணயங்களுள் இந்த இரண்டரை டாலரும் இதே வடிவிலான ஐந்து டாலரும் மட்டுமே அவ்வாறு அமைந்தவை. பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ, பழைய எகிப்தியச் சிற்பங்களில் உள்ளதுபோல, உருவம் தளத்துக்குக் கீழே அமைய வேண்டும் என்ற யோசனையை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் முன்வைத்தார். அவ்வூர்ச் சிற்பி பெலா லயன் பிராட் அதை வடித்தார். 1908-இல் நாணயம் வெளிவந்தது. பள்ளங்களில் அழுக்குச் சேரும், நோய் பரவும் என்று ஃபிலடெல்ஃபியா நாணய வணிகர் சாமுவேல் ஹட்சன் சாப்மன் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பு பலிக்கவில்லை. 1908 முதல் 1915 வரையிலும், பின்பு 1925 முதல் 1929 வரையிலும் இது அச்சடிக்கப்பட்டது.

வாங்குபவருக்கு இந்த அமைப்பு ஒரு சிக்கலைத் தருகிறது. சாதாரண நாணயத்தில் உருவம் உயர்ந்து நின்று தளத்தைக் காக்கும்; இதில் தளமே உயர்ந்த இடம் என்பதால் ஒவ்வொரு உரசலையும் அதுவே ஏற்கிறது. இலேசாகப் புழங்கியதையும் முற்றிலும் புழங்காததையும் பிரிக்கும் கோடு மிக மெல்லியது. தரம் பார்ப்பவர்களே இதில் கருத்து வேறுபடுவார்கள். எம்.எஸ். (புழங்காத நாணயத்துக்கான தரக்குறி) 62 அல்லது 63 என்று தரமிட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதே நல்லது. 65-ஐ எட்டும்போது விலை ஏறும் வேகத்துக்கு ஏற்ற வேறுபாட்டை வெறும் கண்ணால் காண்பது அரிது. ஆண்டைப் பொறுத்தவரை 1925 முதல் 1929 வரையுள்ளவை எளிதில் கிடைக்கும். 1911-இல் டென்வரில் அடித்தது மட்டும் இத்தொடரின் விலையுயர்ந்த நாணயம். ஃபிலடெல்ஃபியா நாணயத்தில் டென்வரைக் குறிக்கும் ‘டி’ எழுத்தை ஒட்டிப் போலியாக்குவதும் உண்டு. வகைத் தொகுப்புக்கு அது தேவையே இல்லை.

மூன்று டாலர் என்ற விசித்திரமான மதிப்பு எதற்காக?

1851-இல் கடிதத்துக்கான அஞ்சல் கட்டணம் மூன்று சென்ட் ஆனது. மூன்று சென்ட் தபால்தலை நூறு கொண்ட தாளை ஒரே நாணயத்தால் வாங்கலாம் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவாயினும் மக்கள் இதை விரும்பவில்லை. கையில் ஏற்கெனவே இரண்டரை டாலரும் ஐந்து டாலரும் இருந்தன. 1854 முதல் 1889 வரையிலான 36 ஆண்டுகளில் அடித்த மொத்த எண்ணிக்கை ஐந்தரை லட்சத்தைத் தாண்டவில்லை. பின்பக்கத்தில் லாங்கேக்கர் சோளம், கோதுமை, பருத்தி, புகையிலை ஆகியவற்றைக் கொண்டு ஒரு மாலை கட்டியிருக்கிறார். ஒரு டாலரின் பிந்தைய இரு வகைகளிலும் இதே மாலைதான். தனிப்பட்ட முறையில், ஆறு நாணயங்களிலும் மிக அழகானது இதுவே என்பேன்.

தேர்வு 1854-க்கும் 1878-க்கும் இடையில் அமையும். 1854 முதல் ஆண்டு. அதிக எண்ணிக்கையில் வந்ததும் அதுவே. டாலர் என்ற சொல் அந்த ஆண்டில் மட்டும் சிறிய எழுத்துகளில் உள்ளது. பளபளப்பு மிக்க, புழங்காத நாணயம் வேண்டுமென்றால் 1878. தரம் பார்க்கும் நிறுவனம் சோதித்து மூடித் தந்த உறையில் இல்லாத மூன்று டாலரை மட்டும் புதியவர்கள் வாங்க வேண்டாம். இந்த மதிப்பில் போலிகள் மிகுதி.

எந்தத் தரத்தை நோக்கி வாங்குவது?

அமெரிக்க நாணயங்களின் தரம் 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் குறிக்கப்படுகிறது. 60-இலிருந்து மேலே புழங்காதவை. 50 முதல் 58 வரை இலேசாகப் புழங்கியவை, அவற்றுக்கு ஏ.யூ. என்ற குறி. 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய இரண்டு நிறுவனங்களும் நாணயத்தைச் சோதித்து, தரத்தை எழுதி, பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன.

எல்லா வகைக்கும் ஒரே எண்ணை இலக்காக வைப்பது அழகாகத் தோன்றலாம்; பணத்தைச் செலவிடும் வழியாக அது சரியில்லை. இரண்டரை டாலரின் சுதந்திர தேவி, மூன்றாம் வகை ஒரு டாலர் ஆகிய இரண்டிலும் புழங்காத நிலைக்கும் இலேசாகப் புழங்கிய நிலைக்கும் விலை வேறுபாடு சிறிது. அங்கே 63, 64 என்று போகலாம். இரண்டாம் வகை ஒரு டாலரிலும் மூன்று டாலரிலும் அந்த வேறுபாடு பெரிது. அங்கே ஏ.யூ. 55 அல்லது 58 போதும். 58 என்று தரமிட்ட நல்ல நாணயம், கீறல்கள் நிறைந்த 61-ஐவிடப் பல வேளைகளில் கண்ணுக்கு இனிதாக இருக்கும், விலையும் குறைவு. உறையில் உள்ள எண்ணைப் படிப்பதற்கு முன் நாணயத்தைப் பார்த்துப் பழக வேண்டும்.

கழுவிய நாணயத்தையும் நகையில் இருந்த நாணயத்தையும் எப்படி அடையாளம் காண்பது?

சிறிய தங்க நாணயங்களுக்கு, குறிப்பாக ஒரு டாலருக்கு, நேர்ந்த பெரிய இடர் நகைத்தொழில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் இவற்றைச் சட்டைப் பொத்தானாகவும் ஊசிப் பதக்கமாகவும் வளையல் தொங்கலாகவும் மாற்றினார்கள். வளையத்தைப் பிற்பாடு நீக்கிவிட்டாலும் பற்றவைத்த தடம் போகாது. விளிம்பின் பற்கள் ஓரிடத்தில் மட்டும் மழுங்கியிருப்பது, விளிம்பை ஒட்டிய எழுத்துகளுக்கு அருகே உலோகம் உருகியதுபோல் வழவழப்பாக இருப்பது, பின்பக்க நடுவில் நிறம் மாறிய திட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். விளிம்பைக் காட்டாமல் எடுத்த படத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

கழுவியதைக் கண்டறியக் கோடுகள் உதவும். துணியோ தூரிகையோ தேய்த்த மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். புழக்கத்தில் விழுந்த கீறல்கள் பல திசைகளில் சிதறும். பழைய தங்கத்தின் நிறம் சற்றுச் செம்மை கலந்து, பள்ளங்களில் இருண்டு, மேடுகளில் வெளுத்து இருக்கும். எல்லா இடமும் ஒரே மஞ்சளாகக் கண்ணைப் பறித்தால் சந்தேகப்பட வேண்டும். தரம் பார்க்கும் நிறுவனங்கள் இத்தகையவற்றுக்கு எண் தராமல், சேதமுற்றது அல்லது கழுவப்பட்டது என்று குறித்து உறையிடுகின்றன. அவை மலிவாகக் கிடைக்கும். விற்கும்போதும் மலிவாகவே போகும்.

நம் ஊர் நகைக்கடையில் உரைத்துப் பார்த்து வாங்கலாமா?

கூடவே கூடாது. உரைகல்லில் ஒருமுறை தேய்த்தாலே சேகரிப்பு மதிப்பின் பெரும்பகுதி போய்விடும். மேலும் அந்தச் சோதனை சொல்வது தங்கத்தின் மாற்றை மட்டும்தான். நாணயம் அசலா என்பதை அது சொல்லாது. எக்ஸ்ரே கதிரால் மாற்றைப் பார்க்கும் கருவி நாணயத்தைக் கெடுக்காது என்றாலும், அதற்கும் அதே வரம்பு உண்டு.

அப்படியானால் போலியிலும் உண்மைத் தங்கம் இருக்குமா?

இருக்கும். இதுதான் இந்தத் துறையில் புதியவர்களைத் தடுமாற வைப்பது. சேகரிப்பாளர் தரும் கூடுதல் விலைக்காகவே, சரியான மாற்றுள்ள தங்கத்தில் அடித்த போலிகள் உண்டு; எடையும் மாற்றும் பொருந்திவிடும். எனவே அச்சின் தடயங்களைப் பார்க்க வேண்டும். அசலில் எழுத்துகளின் ஓரம் கூர்மையாகத் தளத்தைச் சந்திக்கும். போலியில் சந்திப்பு வட்டமாக, வெண்ணெயில் அழுத்தியதுபோல் மழுங்கி இருக்கும். அசலில் இராத சிறு மேடுகளும், புழுப்போல் நெளியும் கோடுகளும், ஒரே வடிவில் வேறு வேறு நாணயங்களிலும் திரும்பத் திரும்ப வரும் குழிகளும் போலியின் அடையாளங்கள். உறையில் இருப்பதாலேயே கவலை தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். உறையையும் போலி செய்கிறார்கள். சான்றிதழ் எண்ணை அந்நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு, அங்குள்ள படத்தோடு நாணயத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சார்லட், டாலோனிகா நாணயச்சாலை நாணயங்களைச் சேர்க்கலாமா?

வட கரோலினாவின் சார்லட்டிலும் ஜார்ஜியாவின் டாலோனிகாவிலும் அந்தப் பகுதிச் சுரங்கத் தங்கத்துக்காக 1838-இல் இரண்டு நாணயச்சாலைகள் திறந்தன. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் மூடின. அவை தங்கத்தை மட்டுமே அச்சடித்தவை. வரலாற்று ஈர்ப்பு மிகுந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சடிப்புப் பெரும்பாலும் கரடுமுரடானது, விலையோ பன்மடங்கு. வடிவமைப்பைக் காட்ட ஒரு நல்ல மாதிரி என்பது நோக்கமாக இருக்கையில், இவை அந்த நோக்கத்துக்கு எதிர்த்திசையில் இழுக்கும். பழைய நாணயங்களில் காணும் ‘டி’ டாலோனிகாவைக் குறிப்பது. 1906 முதல் வரும் ‘டி’ டென்வர்.

ஆறும் சேர்ந்த பிறகு அடுத்தது என்ன?

பின்னோக்கிப் போக விரும்பினால், 1834 முதல் 1839 வரை வில்லியம் நீஸின் வடிவில் வந்த இரண்டரை டாலர். அதற்கு முந்தைய தங்க நாணயங்களில் இருந்த தங்கத்தின் சந்தை மதிப்பு முகமதிப்பைத் தாண்டியதால், அவை உருக்கப்பட்டும் வெளிநாட்டுக்குப் போயும் மறைந்தன. 1834-ஆம் ஆண்டுச் சட்டம் தங்கத்தின் அளவைக் குறைத்து அதை நிறுத்தியது. அதனாலேயே 1834-க்கு முற்பட்டவை இன்று எட்டாத விலையில் இருக்கின்றன. இந்த வகையில் 1836 எளிதாகக் கிடைக்கும் ஆண்டு. முன்னோக்கிப் போக விரும்பினால் ஐந்து டாலர் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு பவுனையே ஒத்த அளவு.

விலையில் தங்கத்தின் பங்கு எவ்வளவு?

ஒரு டாலரில் தூய தங்கம் சுமார் ஒன்றரை கிராம், இரண்டரை டாலரில் 3.76 கிராம், மூன்று டாலரில் 4.51 கிராம். அன்றைய தங்க விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை கிடைக்கும். பொதுவான இரண்டரை டாலர் அந்த அடிமட்டத்தை ஒட்டியே நகரும். ஒரு டாலரும் மூன்று டாலரும் அதிலிருந்து வெகுவாக விலகி நிற்பவை. அவற்றைத் தங்க முதலீடு என்று வாங்குவது பொருத்தமற்றது.

இவற்றை எப்படிப் பாதுகாப்பது?

உறையில் இருப்பவற்றை உறையிலேயே விடுங்கள். தனியாக இருப்பவற்றை மென்துணி விரித்த மேசைக்கு மேலே, விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள்; 13 மில்லிமீட்டர் நாணயம் விரலிலிருந்து நழுவுவது மிக எளிது. பி.வி.சி. கலந்த நெகிழி உறைகளை விலக்க வேண்டும், அவை நாளடைவில் பச்சைப் பிசுக்கை விடும். தங்கம் கறுக்காது என்றாலும் அதில் கலந்த செம்பு கறுக்கும். கடலோர ஈரத்தில் செம்மையான சிறு புள்ளிகள் தோன்றுவது அதனால்தான். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் வைத்து, அவ்வப்போது மாற்றினால் போதும். தோன்றிவிட்ட புள்ளியை நீக்க முயல வேண்டாம்.